ஒரு நாளைக்கு எத்தனை விநாடி?

(இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர்)

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "எதைப் பத்தி எழுதப்போறே?" என்றார்கள். "கிரிஸ்டலைப் பத்தி" என்றேன். சிரித்துவிட்டார்கள். நட்பு, காதல், இளைய பாரதம் என்று எழுத எத்தனையோ இருக்கும்போது, இரண்டு கால் முளைத்த ஒரு சின்னத் தகர டப்பியைப் பற்றி எவன் படிப்பான் என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான். நண்பா, நீ படிப்பாய். உன் ப்ராஜெக்டிலும் அந்த டப்பி உட்கார்ந்திருக்கிறது. அது தப்பாக ஓடிக்கொண்டிருப்பது உனக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்!

நம் லேப்பில் 8051 போர்டு எல்லாவற்றிலும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். பக்கத்தில் இரண்டு செராமிக் கபாசிட்டர். ஏன் 12 என்று கேட்டால், "அதுதான் போடுவாங்க" என்று பதில் வரும். கபாசிட்டர் ஏன் 33 பிகோஃபாரட்? "22-உம் போடலாம், 27-உம் போடலாம், எது கிடைக்குதோ அது." அணு குண்டு செய்கிற மாதிரி எல்.சி.டி. டிஸ்ப்ளேவைத் தேடித் தேடி வாங்குகிற நாம், நேரத்தை எண்ணுகிற பாகத்தைக் கடைக்காரர் கையில் வருவதைப் போட்டு முடித்துவிடுகிறோம். அப்புறம் அதற்குப் பெயர் 'துல்லியமான டிஜிட்டல் கடிகாரம்', 'தானியங்கிப் பள்ளி மணி', 'மோட்டார் டைமர்'. ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே 'துல்லியமான' என்ற வார்த்தையை எழுதுகிறோமே, எவ்வளவு துல்லியம் என்று எந்தப் பக்கத்திலாவது எழுதியிருக்கிறோமா?

நானும் எழுதவில்லை. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், ஏடி89எஸ்52 சிப்பை வைத்து ஒரு சுவர்க் கடிகாரம் செய்தேன். பெரிய செவன் செக்மெண்ட் எழுத்து, சிவப்பு வெளிச்சம். ப்ளைவுட் பெட்டியை மாமா அறுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். படிச்ச பையன் செய்த கடிகாரம் என்பதால், சுவரில் இருந்த பழைய பாட்டரி கடிகாரத்தைக் கழற்றி அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டு என்னுடையதை மாட்டினார் அம்மா. வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இருட்டிலும் மணி தெரிகிறது என்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அம்மா நூல் மில்லுக்குப் போகிறவர். காலை ஷிப்டுக்கு மில் வேன் 5.10-க்கு எங்கள் ஊர் விலக்கில் வந்து நிற்கும். வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். 4.55-க்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள், அம்மா வழக்கம்போல 4.55-க்குக் கிளம்பிப் போனவர், அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். வேன் போய்விட்டது! அன்றைய கூலி போயிற்று. ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர்களுக்குக் கொடுக்கிற அந்த மாதப் படியும் போயிற்று. செல்போனை எடுத்துப் பார்த்தேன். என் கடிகாரம் ஏழரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இருந்தது.

"கடிகாரத்து மேல என்னய்யா தப்பு? நான்தான் மெல்ல நடந்துட்டேன்" என்றார் அம்மா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த நாளே பஸ் ஏறி மதுரைக்குப் போய் 'நல்ல கிரிஸ்டல்' கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து எடுக்காமல் இன்னொரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொண்டுவந்து மாட்டி ஒரு வாரம் பார்த்தேன். முன்பு ஒரு நாளைக்கு 22 விநாடி பின்தங்கியது, இப்போது 21! காலேஜ் திறந்ததும் எங்கள் லேப் சாரிடம் போய், "சார், கிரிஸ்டல் எல்லாம் டூப்ளிகேட்டா வருது சார்" என்று புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு நாளைக்கு 22 விநாடின்னா எத்தனை பிபிஎம்?"

எனக்குத் தெரியவில்லை. போர்டில் கணக்குப் போட வைத்தார்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆகவே 1 பிபிஎம் பிழை என்றால் நாளைக்கு 0.0864 விநாடி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போதும். சாதாரண கிரிஸ்டலில் 20 பிபிஎம் என்று போட்டிருந்தால் நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி வரை விலகலாம். 100 பிபிஎம் ஆனால் நாளைக்கு 8.6 விநாடி. என்னுடைய 22 விநாடி? சுமார் 255 பிபிஎம்! மட்டமான கிரிஸ்டல்கூட அவ்வளவு மோசமாக ஓடாது என்றார் சார். "கிரிஸ்டலைத் திட்டாதே. உன் ப்ரோக்ராமை எடுத்துட்டு வா."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இது நம் துறையில் பாதிப் பேருடைய ப்ரோக்ராமிலும் இருக்கும் என்பது என் சந்தேகம், ஏனென்றால் எல்லோரும் ஒரே ஜெராக்ஸ் நோட்ஸிலிருந்துதான் எழுதுகிறோம். 12 மெகாஹெர்ட்ஸை 8051 உள்ளுக்குள் 12-ஆல் வகுக்கும். ஒரு மெஷின் சைக்கிள் சரியாக ஒரு மைக்ரோவிநாடி. 12 போடுவதற்குக் காரணமே இந்த வசதிதான். டைமரை மோட் 1-இல் வைத்து 50,000 எண்ண வைத்தால் 50 மில்லிவிநாடி. அப்படி இருபது முறை ஆனால் ஒரு விநாடி. நோட்ஸில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால் மோட் 1-இல் டைமர் நிறைந்ததும் தானாக மறுபடி ஆரம்பிக்காது. நாம்தான் இன்டரப்டில் போய் மதிப்பை ஏற்ற வேண்டும். சிப் கையில் இருக்கிற கட்டளையை முடித்து, இன்டரப்டுக்குத் தாவி, டைமரை நிறுத்தி, இரண்டு பைட்டையும் ஏற்றி, மறுபடி ஓட விடுவதற்குள் பத்துப் பதினைந்து சைக்கிள் போய்விடும். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. காணாமல் போன நேரம்! என் ப்ரோக்ராமில் அது சராசரி 13 மைக்ரோவிநாடி வந்தது. 50,000-க்கு 13 என்றால் 260 பிபிஎம். நாளைக்கு 22.5 விநாடி. அம்மாவின் வேனைத் தவறவிட்டது அந்த 13 மைக்ரோவிநாடிதான்.

மோட் 2-க்கு மாற்றினேன். அதில் ஓவர்ஃப்ளோ ஆனதும் ஹார்டுவேரே மதிப்பைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். சிப் வர எவ்வளவு தாமதமானாலும் எண்ணிக்கை நிற்காது. 250 எண்ணினால் 250 மைக்ரோவிநாடி, அது 4,000 முறை ஆனால் ஒரு விநாடி. ஒரு இன்டரப்ட் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பைசா செலவில்லாமல் 22 விநாடிப் பிழை ஓடியே போயிற்று. இன்னும் ஒரு சங்கதி: சீரியல் போர்ட்டுக்காக மட்டும் என்று நாம் நினைக்கிற 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் கடிகாரத்துக்கு அருமையானதுதான். அதை 12-ஆல் வகுத்தால் 9,21,600. அதை 256-ஆல் வகுத்தால் மிச்சமே இல்லாமல் 3,600. மோட் 2-இல் முழு 256-ஐயும் எண்ண விட்டு, 3,600 இன்டரப்டுக்கு ஒரு விநாடி என்று வைத்துவிடலாம். கூடவே 9,600 பாட் ரேட்டும் அச்சு அசலாக வரும். 12 மெகாஹெர்ட்ஸில் அதே 9,600 கேட்டால் எட்டு சதவீதத்துக்கு மேல் தப்பு வரும். இரண்டும் வேண்டும் என்கிற ப்ராஜெக்டில் எதற்கு 12?

ப்ரோக்ராம் திருந்திய பிறகுதான் கிரிஸ்டலின் சுயரூபமே தெரிந்தது. இப்போது கடிகாரம் நாளைக்கு 3 விநாடி முந்தியது. பின்தங்கியது போய் முந்துகிறது! சார் கபாசிட்டரைக் காட்டினார். நான் போட்டிருந்தது 22 பிகோ. கிரிஸ்டலுக்கு 'லோடு கபாசிட்டன்ஸ்' என்று ஒன்று உண்டு. அது எவ்வளவோ அவ்வளவு சுமையைக் கொடுத்தால்தான் மேலே அச்சடித்திருக்கிற அலைவெண்ணில் ஓடும். என் கிரிஸ்டலுக்கு 20 பிகோ. இரண்டு 22-உம் கிரிஸ்டலின் கண்ணுக்குத் தொடர் இணைப்பு. அதாவது 11 பிகோதான். போர்டின் தடம், சிப்பின் கால் எல்லாம் சேர்ந்து ஒரு 5 பிகோ. மொத்தம் 16. சுமை குறைந்தால் கிரிஸ்டல் வேகமாக ஓடும், சுமை ஏறினால் மெதுவாகும். வண்டி மாடு மாதிரிதான். 33 பிகோவாக மாற்றினேன். 16.5-உம் 5-உம் 21.5. பிழை ஒரு விநாடிக்குள் வந்துவிட்டது. "எது கிடைக்குதோ அது" என்று போட்ட கபாசிட்டருக்கு 2 விநாடி வித்தியாசம்!

இதை அளக்க ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் வேண்டுமே, நம்மிடம் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. ஆஸிலாஸ்கோப் ப்ரோபை கிரிஸ்டலின் காலில் வைத்தால், ப்ரோபே பத்துப் பிகோவுக்கு மேல் சுமையாகி அலைவெண்ணை மாற்றிவிடும். நீங்கள் பார்ப்பது உங்கள் கிரிஸ்டலின் ஓட்டமே அல்ல. அதைவிட ஒரு நோட்டும் செல்போனும் மேல். செல்போன் நேரம் நெட்வொர்க்கிலிருந்து வருகிறது. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எழுதுங்கள். கண்ணால் பார்ப்பதில் அரை விநாடி தவறினாலும், ஒரு நாளில் அது 6 பிபிஎம் பிழை. ஏழு நாள் பொறுத்தால் அதே அரை விநாடி 1 பிபிஎம்முக்கும் கீழே போய்விடும்.

இப்போது சில நண்பர்கள் சொல்லும் எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "புது மைக்ரோகண்ட்ரோலர்ல உள்ளுக்குள்ளயே ஆஸிலேட்டர் இருக்கே, கிரிஸ்டலே எதுக்கு?" எல்.ஈ.டி. மின்ன வைக்க அது தாராளம். கடிகாரத்துக்கு? ஏடிமெகா328பி-யின் உள் ஆர்.சி. ஆஸிலேட்டருக்குத் தொழிற்சாலை உத்தரவாதம் ±10 சதவீதம். பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் அவர்கள் கை கொடுப்பது அவ்வளவுக்குத்தான். 10 சதவீதம் என்றால் நாளைக்கு 2 மணி 24 நிமிடம்! நாமே திருத்தி 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலும் 14 நிமிடத்துக்கு மேல். உனோ ஆர்3 போர்டில் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய கிரிஸ்டல் தெரியும். நம் ப்ரோக்ராம் அதில்தான் ஓடுகிறது என்று நானும் நினைத்திருந்தேன். அது யு.எஸ்.பி. சிப்புக்கு. நம் ஏடிமெகாவுக்குக் கொடுத்திருப்பது செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். நாளைக்கு 7 நிமிடம் 12 விநாடி வரை. அதில் 'மில்லிஸ்' ஃபங்ஷனை எண்ணிக் கடிகாரம் செய்கிறவர்களைப் பார்த்தால், எனக்கு எங்கள் ஊர் விலக்குதான் ஞாபகம் வருகிறது.

"பிழையைக் கண்டுபிடிச்சு ப்ரோக்ராம்லயே கழிச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கழிக்கலாம். என் கடிகாரம் நாளைக்கு 3 விநாடி முந்தியபோது, எட்டு மணி நேரத்துக்கு ஒரு விநாடியை எண்ணாமல் விட்டிருந்தாலே சரியாகியிருக்கும். ஆனால் அதற்குப் பிழை தினமும் அதே 3 விநாடியாக இருக்க வேண்டும். இன்றைக்கு 3, நாளைக்கு 40, மழை பெய்தால் மைனஸ் 15 என்றால் எதைக் கழிப்பது? தப்பாக இருப்பது ஒன்று, நிலையில்லாமல் இருப்பது வேறொன்று. கிரிஸ்டலின் பிழை பெரும்பாலும் முதல் வகை. ஆர்.சி. ஆஸிலேட்டர் வெயிலுக்கு ஒரு பேச்சு, வோல்டேஜுக்கு ஒரு பேச்சு பேசும். கிரிஸ்டலுக்குக் காசு கொடுக்கிறோமே, அது அந்த ஒழுங்குக்குத்தான்.

இரண்டாவது வாதம்: "ஈ.பி. லைன்ல 50 ஹெர்ட்ஸ் வருதே, அதை எண்ணிக்கலாமே?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சமையலறைக் கடிகாரங்கள் பல அப்படித்தான் ஓடின. அங்கே மின் தொகுப்பின் அலைவெண்ணைச் சராசரியில் சரிக்கட்டி வைப்பார்கள். அங்கேயே 2018-இல், கொசோவோ-செர்பியா தகராறில் மின்சாரம் பற்றாக்குறையாகி, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் ஐரோப்பா முழுவதும் அந்தக் கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பின்தங்கின. நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட எல்லை 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ். 49.90-இலேயே ஒரு நாள் முழுக்க நின்றால் 2 நிமிடம் 53 விநாடி போய்விடும். தவிர, கரண்ட் போனால் எதை எண்ணுவது?

கரண்ட் போகிற விஷயம்தான் என் கடிகாரத்தையும் கடைசியில் தோற்கடித்தது. ப்ரோக்ராம் சரி, கபாசிட்டர் சரி, பிழை ஒரு விநாடிக்குள்... ஆனால் காற்றடித்துக் கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டு மணியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போனால் யார் எழுந்து மணி வைப்பது? அதனால் என் கட்சி இதுதான்: வீட்டிலோ பள்ளியிலோ மாட்டப்போகிற எந்தக் கடிகாரத்துக்கும், மைக்ரோகண்ட்ரோலரின் கிரிஸ்டலை நம்பக்கூடாது, பட்டன் பாட்டரியோடு தனி ஆர்.டி.சி. சிப் வேண்டும். நேரத்தை அது பார்த்துக்கொள்ளட்டும், மற்ற வேலையை நம் சிப் செய்யட்டும்.

ஆர்.டி.சி. என்றால் அதற்கு 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஏன் இந்த விநோத எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் 32,768. பதினைந்து ஃப்ளிப்-ஃப்ளாப்பை வரிசையாக வைத்தால் கடைசியில் விநாடிக்கு ஒரு துடிப்பு. அவ்வளவு எளிமை. 1927-இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் செய்த முதல் குவார்ட்ஸ் கடிகாரம் பெரிய அலமாரிகளை அடைத்துக்கொண்டது; 1969 கிறிஸ்துமஸ் அன்று சீகோ கம்பெனி அதைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியது. அதில் 8,192 ஹெர்ட்ஸ். அதுவும் 2-இன் அடுக்குதான். நம் ஓசூரில் டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கம்பெனியின் குவார்ட்ஸ் கடிகாரங்களுக்குள்ளும் இதே இசைக்கவை வடிவக் குட்டிக் கிரிஸ்டல்தான். அக்கா வீட்டுக்குப் போன எங்கள் பழைய சுவர்க் கடிகாரத்திலும் அதுவே. அதைக் கழற்றிவிட்டு நான் என்னத்தை மாட்டினேன் பாருங்கள்!

இந்தக் கிரிஸ்டலுக்கு ஒரு குணம் உண்டு. சுமார் 25 டிகிரியில்தான் அது சரியாக ஓடும். அதைவிடச் சூடானாலும் பின்தங்கும், குளிர்ந்தாலும் பின்தங்கும். ஒருநாளும் முந்தாது. விலகிய டிகிரியை அதே எண்ணால் பெருக்கி, அதை 0.034-ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் என்று வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாத மத்தியானம் 42 டிகிரி என்று வையுங்கள். 17 டிகிரி விலகல். 17 பெருக்கல் 17, 289. கிட்டத்தட்ட 10 பிபிஎம். நாளெல்லாம் அதே சூடு இருந்தால் நாளைக்கு 0.85 விநாடி. மில் வேனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மணியை ஒருமுறை வைத்துவிட்டு வருடக் கணக்கில் தொடாத இடத்துக்கு இது பொருட்டு.

டிஎஸ்1307 சிப்புக்கு இந்தக் கிரிஸ்டலை நாம் வெளியே வாங்கிப் போட வேண்டும். லோடு 12.5 பிகோ உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 6 பிகோ கிரிஸ்டலும் பார்க்க அச்சு அதே மாதிரிதான் இருக்கும். அதை மாட்டினால் ஓடும், ஆனால் தப்பாக ஓடும். டிஎஸ்3231 அப்படி அல்ல. கிரிஸ்டலே சிப்புக்குள் இருக்கிறது. 64 விநாடிக்கு ஒருமுறை தன் சூட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம். வருடத்துக்கு ஒரு நிமிடம்! பெயரின் கடைசியில் 'எம்' போட்டு வருவது வேறு வகை, ±5 பிபிஎம். வாங்கும்போது சிப்பின் முதுகைப் படியுங்கள். இன்னொன்று: கடையில் கிடைக்கிற நீல நிற டிஎஸ்3231 மாட்யூலில், ரெசிஸ்டர், டயோடு வழியாகப் பட்டன் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அமைப்பு இருக்கும். சார்ஜ் ஏற்றத் தக்க எல்.ஐ.ஆர்.2032-க்காகச் செய்தது அது. நாம் அதில் சாதாரண சி.ஆர்.2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுக்கிறோம். சார்ஜ் ஏற்றக்கூடாத பாட்டரி அது, உப்பிவிடும், ஒழுகிவிடும். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது வாதம்தான் இப்போது பலமாகக் கேட்கிறது. "வைஃபை சிப் போட்டா நெட்ல இருந்தே நேரம் வந்துடும்; இதெல்லாம் பழைய பஞ்சாங்கம்." வைஃபை இருக்கிற வீட்டில் சரி, நான் மறுக்கவில்லை. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள் காக்கிற நேரத்தையே இலவசமாக வாங்கலாமே, எதற்கு வேண்டாம் என்பது? ஆனால் எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இல்லை. சிக்னல் கிடைக்கிற இடத்தில்கூட, ஒரு தடவை நேரம் வாங்கி அடுத்த தடவை வாங்குகிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பது யார்? அந்தப் பழைய தகர டப்பிதான். விண்ணில் போனாலும் இதே கதை. 2013-இல் ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன. செயற்கைக்கோள் இருக்கிறது, ஆனால் வழிகாட்டும் வேலைக்கு உதவாது. அதற்கு மாற்றாக 2018-இல் இன்னொன்றை அனுப்ப வேண்டியதாயிற்று. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01-இல்தான் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் முதல்முறை மேலே போனது. இஸ்ரோவுக்கே கடிகாரம் காலை வாருகிறது என்றால், நாம் எந்த மூலை!

என் மனதில் இருக்கிற குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைவாவில் நம் ப்ராஜெக்டை எத்தனை நிமிடம் பார்க்கிறார்கள்? சுவிட்சைப் போட்டால் எரிகிறதா, விநாடி ஓடுகிறதா, சரி, அடுத்தது! இரண்டு நிமிடத்தில் 255 பிபிஎம் பிழை எவ்வளவு தெரியும்? 0.03 விநாடி. எந்தப் பரிசோதகருடைய கண்ணுக்கும் தெரியாது. என் கடிகாரத்தின் தப்பான வடிவத்துக்கு மினி ப்ராஜெக்டில் முழு மதிப்பெண் கிடைத்தது. டவுனில் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்த கடிகாரங்களுக்கும் அதே மதிப்பெண்தான். வாங்கியதற்கும் செய்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போவதே இதனால்தான். கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆகவே துறைத் தலைவர் அவர்களுக்கும் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். நேரம் எண்ணுகிற எந்த ப்ராஜெக்டாக இருந்தாலும், வைவாவுக்கு ஒரு வாரம் முன்பே லேப்பில் மாட்டி ஓட விட வேண்டும். ரெக்கார்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஏழு நாள் குறிப்பும், ஒரு நாளைக்கு எத்தனை விநாடி என்ற விடையும் எழுத வேண்டும். பிழை பெரிதாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். ஏன் என்று சொன்னால் போதும். "பத்து ரூபா கிரிஸ்டலுக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்கிறான். அந்தப் பத்து ரூபாய் சாமானும், அதைச் சரியாக எண்ணத் தெரியாத நானும் சேர்ந்து எங்கள் வீட்டில் இழந்தது ஒரு நாள் கூலியும் ஒரு மாதப் படியும். நாளைக்கு நாம் மில்லுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கருவி செய்யப்போகிறவர்கள். அங்கே எவருடைய வேன் போகும் என்று நமக்குத் தெரியப் போவதில்லை.

இப்போது வீட்டில் இருப்பது டிஎஸ்3231 போட்ட மூன்றாவது கடிகாரம். மாட்டி நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று ராத்திரிக் கணக்கில் 9 விநாடி முந்தியிருக்கிறது. கிட்டத்தட்ட 1 பிபிஎம். அக்கா வீட்டிலிருந்து பழைய பாட்டரி கடிகாரத்தையும் அம்மா திரும்ப வாங்கிவந்து பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். காலையில் கிளம்பும்போது இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார். தினக் குறிப்பு எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. மோட் 2 ப்ரோக்ராம் வேண்டும் என்கிற ஜூனியர் தம்பி தங்கைகள் சாயங்காலம் லேப்பில் வந்து கேட்டால் எழுதித் தருகிறேன். தயவுசெய்து ஜெராக்ஸ் மட்டும் எடுக்காதீர்கள்.